சுமைதாங்கி: யாழ்ப்பாணத்துத் தெருவோரத்தின் இரண்டாவது ஆள்

யாழ்ப்பாணத்துப் பழைய தெருக்களில் போகிறவர்கள் வேலியோரத்திலோ மரத்தடியிலோ ஒரு கற்கட்டைக் கண்டிருப்பார்கள். ஐந்தாறு அடி நீளம், ஒன்றரை இரண்டு அடி அகலம், இடுப்பளவு உயரம், மேலே சமதளம். சுண்ணாம்புப் பூச்சு கறுத்துப் பாசி பிடித்திருக்கும். பஸ்ஸுக்கு நிற்பவர்கள் அதில் குந்தியிருப்பார்கள். பிள்ளைகள் கேட்டால் பெரியவர்களே "பழைய காலத்து வாங்கு" என்று சொல்லிவிடுவதும் உண்டு. அதன் பெயர் சுமைதாங்கி. ஆள் உட்காருவதற்காக அதைக் கட்டவில்லை. சுமை உட்காருவதற்காகக் கட்டினார்கள். இன்று அது இடுப்பளவாகத் தெரிவதற்குக் காரணம் தெரு. அதைப் பின்னால் பார்ப்போம்.

முதலில் தலைச்சுமையைப் புரிந்துகொள்ள வேண்டும். யாழ்ப்பாணத்தில் பாரத்தை அந்தரில் சொல்வார்கள். ஓர் அந்தர் 112 இறாத்தல், ஏறக்குறைய 51 கிலோ. அரை அந்தர்ச் சுமை ஒருமுறை தலையில் ஏறிவிட்டால், பழகிய கழுத்து உள்ளவர் அதைக் கட்டைக் கணக்கில் கொண்டுபோய்விடுவார். (கட்டை என்றால் மைல். ஆங்கிலேயர் நட்ட மைல்கட்டையிலிருந்து வந்த பேச்சு.) பாரம் முதுகெலும்பு வழியாக நேரே காலுக்கு இறங்குகிறது; தலைக்கும் சுமைக்கும் நடுவே சுருட்டி வைக்கும் துணியான சும்மாடு அதை உச்சந்தலையில் பரப்பிவிடுகிறது. நடப்பதைவிடக் கடினம் ஏற்றுவதும் இறக்குவதும்தான். நிலத்தில் கிடக்கும் மூட்டையைத் தன்னந்தனியாகத் தலைக்குக் கொண்டுவர வேண்டுமென்றால் குனிந்து பிடித்து, நெஞ்சுவரை தூக்கி, அங்கே ஒரு கணம் தாங்கி, பிறகு இரண்டு கையாலும் தலைக்கு மேலே எறிவதுபோல் ஏற்ற வேண்டும். இடுப்பு பிடித்துக்கொள்வதும், சாக்குக் கட்டு அவிழ்வதும், மீன் கடகம் சரிந்து கொட்டுவதும் இந்தக் கட்டத்தில்தான். அதனால் சுமைகாரர் எப்போதும் இன்னொரு ஆளைத் தேடுவார்: "ஒருக்கா ஒரு கை பிடியுங்கோ." வீட்டில் அந்த ஆள் உண்டு. சந்தையிலும் உண்டு. நடுவழியில் இல்லை. ஆகவே நடுவழியில் அவர் சுமையை இறக்கவே மாட்டார். இறக்கினால் ஏற்றிவிட ஆளில்லை. கழுத்து விறைத்தாலும் நா வறண்டாலும் நடந்துகொண்டே இருப்பார்.

அந்த இரண்டாவது ஆளைத்தான் ஊர் கல்லில் கட்டி வைத்தது.

அதன் உயரத்தில்தான் எல்லாச் சூட்சுமமும் இருக்கிறது. பொதுவாக 4 அடிக்கு மேல், 5 அடிக்குள். 5 அடி 3 அங்குலம், அதாவது 160 செ.மீ. உயரமுள்ள ஒருவரின் தலையில் சும்மாடும் சேர்த்தால் மூட்டையின் அடிப்பாகம் ஏறக்குறைய 164 செ.மீ. உயரத்தில் இருக்கும். சுமைதாங்கியின் மேல்தளம் 4½ அடி என்றால் 137 செ.மீ. வித்தியாசம் 27 செ.மீ., ஓர் அடிக்கும் குறைவு. அவர் கல்லை ஒட்டி நின்று, முழங்காலைக் கொஞ்சம் மடக்கி, தலையை முன்னே சாய்த்தால் மூட்டையின் முன்விளிம்பு கல்லில் தொட்டுவிடும். பிறகு கைகளால் முன்னுக்குத் தள்ளிவிட்டுத் தலையைப் பின்னே இழுத்துக்கொள்வார். மூட்டை வழுக்கிக்கொண்டு கல்லுக்குப் போய்விடும். திரும்ப ஏற்றுவதும் இதே வழிதான்: மூட்டையைக் கல்லின் விளிம்புக்கு இழுத்து, பாதியை வெளியே நீட்டி, சும்மாட்டோடு அதன் கீழே தலையைக் கொடுத்து, காலால் எழும்ப வேண்டும். முதுகால் தூக்கும் வேலை எதுவும் இல்லை. தொடை மட்டும் வேலை செய்கிறது.

கல் இதைவிட உயரமாக இருந்தால் குள்ளமானவர் மூட்டையை மேலே எத்த வேண்டியிருக்கும். பெண்களுக்கும் சிறுவர்களுக்கும் பயன்படாது. தாழ்வாக இருந்தால் இறக்குவது சுகம், ஏற்றுவது பாடு: தலை கீழே போகும் அளவுக்கு முழங்காலை மடக்கினால் அந்தப் பாரத்தோடு எழும்ப முடியாது. பல சுமைதாங்கிகளை ஒரே தளமாகக் கட்டாமல் படிபோல உயர்ந்த பாகமும் தாழ்ந்த பாகமுமாகக் கட்டியதன் பயன் இங்கே விளங்கும். உயர்ந்த பாகம் தலைச்சுமைக்கு. தாழ்ந்த பாகம் இடுப்புக் குடத்துக்கும் கைப்பெட்டிக்கும், சுமையை இறக்கியவர் குந்துவதற்கும். வாங்கு என்ற சொல் முழுக்கப் பிழையில்லை. அந்தக் கீழ்ப்படிக்குப் பொருந்தும்.

மேல்விளிம்பை விரலால் தடவிப் பார்த்தால் இன்னொன்று தெரியும். அதிகம் பாவித்த சுமைதாங்கிகளில் தெருப்பக்க விளிம்பு கூர்மை போய் மழுங்கி உருண்டிருக்கும். பின்பக்க விளிம்பு அப்படி இராது. சாக்கும் கடகமும் இழுபட்டு இழுபட்டு வந்த தேய்வு அது. எந்தப் பக்கத்திலிருந்து ஆட்கள் வந்து நின்றார்கள், தெரு முன்பு எந்தப் பக்கம் ஓடியது என்பதை அந்தத் தேய்வே காட்டிக்கொடுக்கும்.

எங்கே வைத்தார்கள் என்பதும் இதே தருக்கம்தான். யாழ்ப்பாணக் குடாநாட்டில் வலிகாமத்துக்கும் வடமராட்சிக்கும் நடுவே வல்லைவெளி கிடக்கிறது. நல்லூரிலிருந்து தென்மராட்சிப் பக்கம் போனால் செம்மணி வெளி. இரண்டும் உப்புக் காற்று அடிக்கும் திறந்த தரவை. வீடில்லை, வேலியில்லை, நிழலுக்கு மரமில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து பருத்தித்துறைக்கு 20 கட்டைக்கு மேல். அந்தத் தூரத்தில் ஊருக்குள் நடக்கும் பகுதி பயமில்லை. யாராவது ஒரு கை பிடிப்பார்கள். வெளிக்குள் இறங்குவதற்கு முன்னும், வெளியைத் தாண்டி ஏறிய உடனும், சந்தைக்குப் பிரியும் சந்தியிலும், கோயில் வீதியின் முகப்பிலும்தான் சுமைதாங்கி தேவை. கல்லை எங்கே கண்டாலும் அங்கேயிருந்து இரண்டு பக்கமும் பார்க்க வேண்டும். எந்தச் சந்தைக்குப் போகிற பாதை, எந்தத் துறையிலிருந்து மீன் வந்த பாதை, எங்கே ஆளில்லாத வெளி என்று கேட்டுக்கொண்டால் கல்லின் காரணம் கிடைத்துவிடும். சுன்னாகம், சாவகச்சேரி, கொடிகாமம், நெல்லியடி, யாழ்ப்பாணம் பெரிய கடை என்று சந்தைகளை ஒரு வரைபடத்தில் குறித்து, நடைபாதைகளைக் கோடிட்டால் சுமைதாங்கிகள் அந்தக் கோடுகளில் வந்து உட்காரும்.

சுமைதாங்கி தனியாக நிற்பது இப்போதைய நிலைமை. அது நின்றது ஒரு கூட்டத்தோடு. வழிப்போக்கர் படுக்க ஒரு மடம். மடத்துக்குப் பக்கத்தில் துலாக்கிணறு. மாடுகள் இறங்கிக் குடிக்க ஒரு பக்கம் சரிவாகக் கட்டிய கேணி, அல்லது கிணற்றோடு சேர்ந்த தண்ணீர்த் தொட்டி. குடித்த மாடு உடம்பை உரசித் தினவு தீர்க்க நட்ட ஆவுரஞ்சிக் கல். நிழலுக்கு ஆலோ வேம்போ. பருத்தித்துறையில் தும்பளை வீதியில் இருக்கும் தெருமூடி மடம் இந்த எண்ணத்தின் உச்சம். தெருவே மடத்தின் நடுவால் போகிறது. இரண்டு பக்கமும் உயர்ந்த திண்ணை, கல்தூண், மேலே கூரை. நடந்து வருகிறவர் தெருவை விட்டு விலகாமலே நிழலுக்குள் நுழைந்துவிடுவார்.

ஆவுரஞ்சிக் கல் தமிழில் மிகப் பழைய அறம். முப்பத்திரண்டு அறங்களின் பட்டியலில் 'ஆவுரிஞ்சுதறி' என்று அது இருக்கிறது. மடமும் தண்ணீர்ப் பந்தலும் தடம் என்ற பெயரில் குளமும் அதே பட்டியலில் உண்டு. சுமைதாங்கி அந்தப் பட்டியலில் இல்லை. ஆனால் 'மகப்பெறுவித்தல்' இருக்கிறது, அதாவது பிள்ளைப்பேற்றுக்கு உதவுவது. சுமைதாங்கி வந்து சேர்வது அந்த இடத்தில்தான்.

பிள்ளை வயிற்றில் இருக்கும்போதோ பெறும்போதோ பெண் இறந்துபோனால் அவள் பெயரில் சுமைதாங்கி கட்டுவது தமிழ்நாட்டிலும் ஈழத்திலும் இருந்த வழக்கம். இறக்காத சுமையோடு போனவள். ஊரார் தங்கள் சுமையை அவள் கல்லில் இறக்க இறக்க அவள் சுமையும் இறங்கும் என்பது நம்பிக்கை. கட்டியவர்கள் கணவனோ தகப்பனோ சகோதரனோ. எல்லாச் சுமைதாங்கியும் இப்படி வந்ததல்ல. நேர்த்திக்கும் புண்ணியத்துக்கும் பெற்றோர் நினைவுக்கும் கட்டியவை உண்டு. ஆனாலும் இந்த ஒரு வழக்கத்தால்தான் அந்தக் கற்களை நாம் இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும் என்கிறேன். காணி உறுதியிலும் கோயில் உபயப் பலகையிலும் ஆண்களின் பெயர்கள் வரிசையாகக் கிடக்கும். இருபது வயதில் பிள்ளைப்பேற்றில் இறந்த ஒரு பெண்ணின் பெயர் ஊரில் எழுதி நின்ற ஒரே இடம் பல தடவைகளில் இந்தக் கல்தான். இணுவிலில் பெண்களுக்கும் குழந்தைகளுக்குமான மக்லியோட் ஆஸ்பத்திரியை அமெரிக்க மிஷன் பெண்கள் திறந்தது 1898இல். அதற்கு முன்னால் சிக்கலான பிரசவம் என்றால் பெரும்பாலும் மருத்துவிச்சியின் கையும் வேண்டுதலும்தான். இரத்தப்போக்கு, காய்ச்சல், குறுக்கே கிடந்த பிள்ளை, இழுப்பு: இவை ஒவ்வொன்றும் அப்போது சாவாகலாம்.

இந்தத் தெருவோர அறங்களைப் பேசும்போது சாதியை விட்டுவிட்டுப் பேசினால் பாதிதான் பேசியதாகும். கிணற்றிலும் கேணியிலும் எல்லோரும் இறங்க முடியவில்லை. ஒடுக்கப்பட்ட சாதியார் கிணற்றடியில் தள்ளி நின்று, வேறொருவர் அள்ளி ஊற்றுவதைக் கையிலும் ஓலைப் பிளாவிலும் ஏந்திக் குடித்தார்கள். மடத்துத் திண்ணையிலும் இந்தப் பிரிவு இருந்தது. அதிக பாரம் சுமந்தவர்களும் அவர்கள்தான். பொது இடங்களில் இப்படித் தடுப்பதைக் குற்றமாக்கிய சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் 1957இல்தான் வந்தது. அதற்குப் பிறகும் 1968இல் மாவிட்டபுரம் கோயில் வாசலில் உள்ளே போகப் போராட வேண்டியிருந்தது. தருமத்துக்குக் கட்டிய மடம் என்று எழுதும்போது, யாருக்குத் திறந்த தருமம் என்பதையும் சேர்த்து எழுத வேண்டும்.

நகரத்தின் கதைக்கு வருவோம். யாழ்ப்பாண அரசர்களின் தலைநகர் நல்லூர். சந்தை, அரண்மனை, நான்கு திசைக் கோயில்கள் எல்லாம் அங்கே. 1619இல் அரசன் சங்கிலி பிடிபட்டு அரசு போர்த்துக்கேயர் கைக்குப் போனது. 1621இல் போர்த்துக்கேயத் தளபதி ஒலிவேரா நல்லூர்க் கோயிலை இடித்து, நிர்வாகத்தை நீர்ப்பரப்பின் கரைக்கு, கோட்டைப் பக்கம் கொண்டுபோனான். அந்த ஒரு முடிவால் குடாநாட்டின் பாதைகள் எல்லாம் திசை மாறின. முன்பு நல்லூரில் முடிந்த நடை இப்போது இன்னும் 2 கட்டை தள்ளிக் கோட்டையடியில் முடிந்தது. 1658இல் வந்த ஒல்லாந்தர் கோட்டையை ஐங்கோணமாகக் கட்டினார்கள். பக்கத்தில் தெருக்களை நேர்கோட்டில் போட்டார்கள். அவர்கள் ஆட்சியின் கடைசிக் காலத்தில் வண்ணார்பண்ணையில் வைத்திலிங்கச் செட்டியார் சிவன் கோயிலைக் கட்டினார். வணிகர் குடியிருப்பு அந்தப் பக்கம் தடித்தது. 1848இல் ஆறுமுக நாவலர் தம் சைவப் பாடசாலையைத் தொடங்கியதும் அங்கேதான். நல்லூர், கோட்டை, வண்ணார்பண்ணை, இந்த மூன்றுக்கும் இடையில் பாரம் போய் வந்த கோடுகளே இன்றைய காங்கேசன்துறை வீதி, பருத்தித்துறை வீதி, கண்டி வீதி ஆகியவற்றின் நகரத்து முனைகள்.

ஆங்கிலேயர் காலத்தில் 1829இலிருந்து 1867இல் இறக்கும்வரை வடமாகாணத்தை ஆண்ட அரசாங்க அதிபர் டைக், தெருப் போடுவதில் பெரிய ஆர்வம் காட்டியவர். கல் பரவிய தெரு வந்ததும் மாட்டு வண்டில் பெருகியது. புகையிலைச் சிப்பங்கள் வண்டிலுக்கு மாறின. தலைச்சுமை மறையவில்லை, ஏழைகளின் சுமையாகவே தங்கியது. மீன், விறகு, ஓலை, மரக்கறி, பனங்கட்டி, தோட்டத்து எரு. வண்டில் வைத்திருந்தவர் வண்டிலில் போனார்; தெருவோரக் கல் மற்றவர்களுக்கு. பெயரும் ஆண்டும் பொறித்த சுமைதாங்கிகள் பெரும்பாலும் இந்தக் காலத்தவை என்பதற்குக் காரணம் எளிது: நிரந்தரமான தெரு வந்த பிறகுதான் தெருவோரத்தில் நிரந்தரமாக ஒன்றைக் கட்டலாம்.

1902இல் காங்கேசன்துறைக்கும் சாவகச்சேரிக்கும் இடையே ரயில் ஓடியது. 1905இல் கொழும்புவரை பாதை இணைந்தது. சுன்னாகத்துப் பாரம் சுன்னாகம் ஸ்டேஷனில் ஏறிவிட்டதால் தலைச்சுமையின் தூரம் சுருங்கியது. பிறகு பஸ், தட்டி வான், சைக்கிள் கரியர். சுமைதாங்கி மெல்ல மெல்லப் பஸ் தரிப்பிடம் ஆனது, சில ஊர்களில் பெயராகவும் ஆனது. இது யாழ்ப்பாணத்துக்கு மட்டும் உரியதல்ல. காவேரிப்பாக்கத்துக்குப் பக்கத்தில் சுமைதாங்கி என்று ஓர் ஊர் இருக்கிறது. கேரளத்தில் இதே கல்லை அத்தாணி என்பார்கள். நெடும்பாசேரி விமான நிலையத்துக்குப் பக்கத்து ஊர் அத்தாணி.

1995 அக்டோபர் 30ஆம் திகதி மாலையும் இரவும் யாழ்ப்பாண நகரம் முழுவதும் போருக்குத் தப்பி வெளியேறி நடந்தது. மழை. செம்மணி வெளியால் நாவற்குழிப் பாலத்தை நோக்கி இலட்சக்கணக்கானோர், தலையிலும் தோளிலும் இடுப்பிலும் கையிலும் கொண்டுபோக முடிந்ததைச் சுமந்துகொண்டு. வண்டில் வைத்திருந்தவரும் கார் வைத்திருந்தவரும் அந்த இரவில் அந்த வெளியில் சுமைகாரர்தான். செம்மணி வெளியை நடந்து கடப்பது என்றால் என்னவென்று அதற்குமுன் மூன்று தலைமுறை மறந்திருந்தது.

இனி கல்லுக்கே வருவோம். தமிழ்நாட்டில் நாம் அதிகம் காண்பது மூன்று கற்கள்: இரண்டு செங்குத்துக் கால், மேலே ஒரு கிடைக்கல். கருங்கல் என்பதால் அது சரிவரும். ஐந்தடி இடைவெளியில் கிடக்கும் கல்லின் நடுவில் ஒரு மூட்டையைப் போட்டால் கல்லின் அடிப்பக்கம் இழுபடுகிறது; கருங்கல் அந்த இழுவையைத் தாங்கும். யாழ்ப்பாணத்தில் கருங்கல் கிடையாது. கிடைப்பது சுண்ணாம்புக்கல், கரையோரத்தில் முருகைக்கல். இரண்டும் அமுக்கத்தை நன்றாகத் தாங்கும், இழுவையில் வெடிக்கும். ஆகவே இங்கே கால் நட்டுக் கல் போடாமல் அடியிலிருந்து முடிவரை நிரப்பிக் கட்டினார்கள். பொளிந்த கல் வெளிப்பக்கம், உடைகல்லும் சுண்ணாம்புச் சாந்தும் உள்ளே, மேலே சுண்ணாம்புப் பூச்சு. பாரம் நேரே நிலத்துக்கு இறங்குகிறது. ஒரே தேவைக்கு இரண்டு மண் கொடுத்த இரண்டு விடைகள்.

அதைக் கெடுப்பவை எவை? முதலாவது, தெருவின் உயரம். ஒவ்வொரு முறை தார் போடும்போதும் 2 அங்குலம் ஏறும். அத்திவாரத்தோடு புதிதாகப் போட்டால் ஓர் அடிக்குமேல் ஏறும். நூறு வருஷத்தில் நாலரை அடிக் கல் இரண்டரை அடி ஆகிவிடும். அப்போதுதான் அது 'வாங்கு' ஆகிறது. உண்மையான உயரத்தை அறியக் கல்லின் தெருப்பக்கத்தில் அல்லாமல் பின்பக்கத்தில், ஓர் அடி அகலத்துக்குக் கைச்சாவளால் மண்ணை மெதுவாக எடுத்துப் பார்க்க வேண்டும். பூச்சு முடிந்து பூசாத அத்திவாரக் கல் தொடங்கும் கோடுதான் பழைய நிலமட்டம். அந்தக் கோட்டிலிருந்து மேல்தளம்வரை அளந்து எழுதிவிட்டு மண்ணைத் திரும்பப் போட்டு இறுக்கிவிட வேண்டும். திறந்து விட்டால் மழைத்தண்ணீர் அத்திவாரத்துக்குள் போகும்.

இரண்டாவது, சீமெந்து. இது நல்ல மனத்தோடு செய்யும் அழிவு என்பதால் இன்னும் கவலை தருகிறது. ஊர்ச்சங்கமோ குடும்பத்தாரோ காசு சேர்த்து, வெடித்த பழைய பூச்சை உரித்துவிட்டுச் சீமெந்து பூசி, பெயின்டும் அடித்துவிடுகிறார்கள். இரண்டு வருஷம் வடிவாக இருக்கும். சுண்ணாம்புக்கல் நிலத்திலிருந்து ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும் கல். சுண்ணாம்புப் பூச்சு என்றால் அந்த ஈரம் பூச்சு வழியாக ஆவியாகிவிடும். சீமெந்து அதை விடாது. ஈரத்தோடு வந்த உப்பு, பூச்சுக்கும் கல்லுக்கும் நடுவே பளிங்காக உறைந்து விரியும். யாழ்ப்பாண மண்ணிலும் காற்றிலும் உப்புக்குப் பஞ்சமில்லை. கடைசியில் சீமெந்து தகடாகக் கழன்று விழும்போது கல்லின் முகத்தையும் பிய்த்துக்கொண்டு விழும். எழுத்து இருந்தால் எழுத்தும் அதோடு போகும்.

சரியான பூச்சு நீற்றிய சுண்ணாம்புதான். சுண்ணாம்பை நீற்றித் தண்ணீருக்கு அடியிலேயே குறைந்தது மூன்று கிழமை வைத்திருக்க வேண்டும். நீறாத துண்டு உள்ளே இருந்தால் பூசிய பிறகு நீறி, பூச்சில் சிறு குழிகளாக வெடிக்கும். ஒரு பங்கு சுண்ணாம்புக் களிக்கு இரண்டரை முதல் மூன்று பங்கு மணல். கடற்கரை மணல் கூடாது. உப்பைத் தடுக்கப் பூசும் பூச்சில் நாமே உப்பைப் போட்டதாகும். பனங்கட்டியும் கடுக்காயும் ஊறவைத்த தண்ணீர் சேர்ப்பது பழைய முறை. கல்லை முதலில் நன்றாக நனைக்க வேண்டும். ஒரு பூச்சு அரை அங்குலத்துக்கு மேல் வேண்டாம்; தடிப்பாகப் பூசினால் சுருங்கி வெடிக்கும். முதல் பூச்சு இறுகிய பிறகே இரண்டாவது. வெயில் நேரே படாமல் ஈரச் சாக்குப் போட்டு ஒரு கிழமையாவது காக்க வேண்டும். சுண்ணாம்பு காற்றை இழுத்து மெல்லத்தான் இறுகும். அவசரப்படுத்தினால் மாவாக உதிரும். பங்குனி, சித்திரை வெயிலிலும் மாரி மழையிலும் இந்த வேலையைத் தொடங்காமல் இருப்பது நல்லது.

மூன்றாவது, ஆலங்கன்றும் அரசங்கன்றும். குருவி எச்சத்தில் வந்த விதை பொருத்துக்குள் முளைக்கும். கன்றைப் பிடித்து இழுத்தால் வேரோடு கல்லும் வெளியே வரும். அடியோடு வெட்டி, வேரை உள்ளேயே சாகவிட்டு, பிறகு பொருத்தைச் சுண்ணாம்புச் சாந்தால் நிரப்ப வேண்டும். ஒருதரம் வெட்டினால் போதாது. துளிர்க்கத் துளிர்க்க வெட்ட வேண்டும்.

எழுத்துள்ள கல்லைப் படிப்பதில் இரண்டு மூன்று சங்கதிகள் உண்டு. கம்பித் தூரிகையும் அமிலமும் அறவே கூடாது; சுண்ணாம்புக்கல்லை அமிலம் கரைத்துவிடும். மென்மையான தும்புத் தூரிகையும் தண்ணீரும் போதும். படத்தைக் காலை ஏழு மணிக்கோ மாலை ஐந்தரைக்கோ, வெயில் பக்கவாட்டில் சரிந்து விழும்போது எடுக்க வேண்டும். நடுப்பகலில் வெறும் கல்லாகத் தெரிவது அந்த நேரத்தில் எழுத்தாக எழும்பும். ணா, றா, னா, லை, ளை என்பவை பழைய வடிவத்தில் இருக்கும். ஆண்டுக்கு ௵, மாதத்துக்கு ௴, நாளுக்கு ௳ என்ற குறிகள் வரலாம். ஆண்டு பெரும்பாலும் அறுபது வருஷச் சுற்றின் பெயரால் இருக்கும். சார்வரி என்று மட்டும் இருந்தால் அது 1840, 1900, 1960 ஆகிய எந்த ஆண்டில் தொடங்கியதாகவும் இருக்கலாம். எழுத்தின் வடிவம், சாந்தின் தன்மை, அந்தக் குடும்பத்தின் காணி உறுதி, தெரு போட்ட காலம் இவற்றை வைத்துத்தான் மூன்றில் ஒன்றைத் தெரிய வேண்டும். பெயருக்குப் பின்னால் 'பெண்சாதி', 'மகள்' என்று உறவு வரும் இடத்தை விடாமல் எழுதிக்கொள்ள வேண்டும். கல் யாருக்கென்று சொல்லும் சொல் அது.

சட்டத்தின் காவல் இதற்குக் குறைவு. இலங்கையின் 1940ஆம் ஆண்டுத் தொல்பொருள் கட்டளைச் சட்டம் 1815 மார்ச் 2ஆம் திகதிக்கு முந்தியவற்றையே பழைமைச் சின்னமாகக் கொள்கிறது. கண்டி இராச்சியம் ஆங்கிலேயரிடம் போன நாள் அது. யாழ்ப்பாணத்துத் தெருவோரக் கல்லுக்கும் அந்த நாளுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. 19ஆம் நூற்றாண்டின் சுமைதாங்கி அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் விழுந்துவிடுகிறது. தனியாக அறிவித்துப் பாதுகாத்தால்தான் உண்டு. போருக்குப் பிறகு தெருக்களை அகலித்தபோது தெருவோரத்துக் கற்கட்டுகள்தான் முதலில் இடறின.

அகலிப்பு வந்தே தீரும் என்றால் கல்லை நூதனசாலைக்கோ கோயில் முற்றத்துக்கோ கொண்டுபோவதை நான் ஏற்கமாட்டேன். இடத்தை எடுத்துவிட்டால் அது வெறும் கற்குவியல். அதே பக்கத்தில், தெருவிலிருந்து தேவையான அளவு மட்டும் நேர்பின்னே நகர்த்தலாம். பிரிக்கும் முன் நான்கு பக்கமும் மேலும் படம் எடுத்து, வெளிக்கற்களுக்கு வரிசையும் இலக்கமும் கரியால் எழுதி, எழுத்துள்ள கல்லைச் சாக்கு மெத்தையில் நிமிர்த்தி வைத்து, புதிய அத்திவாரத்தை இரண்டடி ஆழத்தில் சுண்ணாம்புச் சாந்தால் எழுப்பி, தேய்ந்த விளிம்பு தெருப்பக்கம் இருக்கும்படி திரும்பக் கட்ட வேண்டும். முன்னால் மூன்றடி வெளி விட வேண்டும், சுமையோடு வருகிறவர் நிற்க. உயரத்தைப் புதிய தெருமட்டத்திலிருந்து கணக்கிட வேண்டும். அளவுநாடா இல்லாவிட்டாலும் பரவாயில்லை: சராசரி உயரமுள்ள ஒருவரைப் பக்கத்தில் நிற்கச் சொன்னால் மேல்தளம் அவர் தோளுக்கும் நாடிக்கும் நடுவே வர வேண்டும்.